மனமகிழ் மன்றம்னு நான் எழுதி வச்ச போர்டு

ஒரு சீசன் பூரா, எங்க சென்டருக்கு வந்து பிராந்தி கேட்டவங்களுக்கெல்லாம் நான் பானைத் தண்ணி மொண்டு குடுத்திருக்கறனுங்க. அதுவும் சிரிச்ச மூஞ்சியோட. கெளம்பறப்ப "மறுக்கா வாங்க"ன்னு வேற சொல்லி அனுப்பியிருக்கறேன்.

புதுசா வேலைக்குச் சேந்திருக்கற நீங்க யாராச்சும், இந்த ஆளுகிட்டயா அனுபவம் கேக்கறதுன்னு எந்திரிச்சுப் போறதா இருந்தா இப்பவே போயிரலாம் சாமி. நான் தப்பா நெனைக்க மாட்டேன். எனக்கு வயசு ஒண்ணும் அப்படி ஆயிரல. முழங்கால் முந்திக்கிட்டு ரிட்டயர் ஆயிருச்சு, அது போன பொறவு நான் மட்டும் அங்க நின்னு என்ன பண்றதுன்னு கூடவே வந்துட்டேன். புத்திதான் இன்னும் வேலைக்கே சேரல.

எங்க சென்டரு ஏற்காட்டுல இருந்து வெள்ளக்கடை போற பக்கம், எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லயன் ஊடுகளுக்குக் கொஞ்சம் மேல இருக்குது. ஒரு ஓட்டுக் கட்டடம், சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல ஒரு கிரவுண்டு. ஒரு டிரஸ்ட்டு நடத்துது. எஸ்டேட்டுல வேலை செய்யறவங்க, தோட்டங்காடு வச்சிருக்கறவங்க, யாரு வேணா வரலாம். கேரம், டிவி, பேப்பரு, பசங்களுக்கு ஷட்டில். நான் பொறுப்பாளர். பேரு பெருசு. வேலை என்னன்னா, மேகம் எறங்கற நாள்ல கேரம் போர்டு ஈரம் பூத்துக்கும். பவுடரப் போட்டா மாவு பெசஞ்ச மாதிரி ஆயிரும். காயி நகராது. நகராத காயிக்கு ரெண்டு பேரு சட்டையப் புடிச்சுக்குவாங்க. அந்தச் சட்டைய விடுவிக்கறதுதான் என் உத்தியோகம். டிவி ரிமோட்டு என் பாக்கெட்டுல இருக்கும். அது இருந்ததாலதான் என்னைய நாலு பேரு மதிச்சாங்கன்னு ரிட்டயர் ஆன பொறவுதான் தெரிஞ்சுது.

வெளையாட்டுக்குப் பொறுப்பு சரசு. மாரமங்கலத்துக்காரி. அங்க அவ குடும்பத்துக்குக் காப்பியும் மெளகும் இருக்குது. என்னைய விட நொம்பச் சின்னவ. அவளப் பத்திச் சொல்லத்தான் இன்னைக்கு நான் வாயத் தொறந்ததே. என்னையப் பத்தி நடுவுல நடுவுல வர்ரத நீங்க பொறுத்துக்கோணும்.

அவ வந்த பொறவுதான் சென்டருக்குள்ள பொம்பளைங்க காலு வச்சாங்க. அதுவரைக்கும் எஸ்டேட் வேலை முடிஞ்சு வர்ரப்ப கேட்டத் தாண்டிப் போவாங்க, உள்ள எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. சரசு லயன் லயனாப் போனா. யாரு ஊட்டுல மாமியா, யாரு ஊட்டுல கைக்கொழந்தை, யாருக்கு இடுப்பு வலின்னு வெவரமாத் தெரிஞ்சுக்கிட்டு வந்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டு பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கச் சொன்னா. நான் என்ன சொன்னன் தெரியுங்களா? "கோலப்போட்டி வெச்சரலாமா கண்ணு"ன்னு கேட்டேன். அவ போயி த்ரோபால் வலையக் கட்டினா.

கட்டின மொத வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. மூட்டை தூக்கி, கெளை நறுக்கற கவாத்துக்கத்தி புடிச்ச கையிங்க அதெல்லாம். அந்தக் கை ஒரு பந்த எறிஞ்சா, அக்கட்ட நிக்கறவங்க புடிக்கறதா ஒதுங்கறதான்னு யோசிக்கோணும். அதுலயும் பூங்கொடின்னு ஒருத்தி. லயன்ல இருக்கறவ, புருசன் முருகேசன் பிக்கப் வண்டி ஓட்டறான். அவ சர்வீஸ் போட்டா பந்து வலைக்கு மேல ஒரு சாண்ல போயி கோட்டுகிட்ட தலையக் குனிஞ்சு உழுகும். ஊட்டுல, வேலையில, எங்கயும் அவ சத்தம் கேட்டதில்லன்னு சொல்லுவாங்க. கிரவுண்டுல அவதான் கேப்டன். "ஏய், தூங்கறியா? புடி புள்ள!"ன்னு அவ கத்தறது மேல ரோடு வரைக்கும் கேக்கும்.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு வர்றேன்.

சென்டரு வாசல்ல ரிக்ரியேஷன் சென்டர்னு ஒரு பழைய தகர போர்டு. பாதி எழுத்து உரிஞ்சு போச்சு. புதுசு எழுதச் சொல்லி டிரஸ்ட்டுல இருந்து சொன்னாங்க. எனக்குத் தமிழ்மேல கொஞ்சம் கிறுக்கு உண்டுங்க. நம்ம ஊர்ல இங்கிலீசு எதுக்கு, நல்ல தமிழ்ல எழுதலாமுன்னு நானே யோசிச்சு, நானே மெச்சிக்கிட்டு, எழுதச் சொன்ன பேரு: மனமகிழ் மன்றம். சேப்புல எழுத்து, மஞ்சள்ல ஓரம், சுத்தியும் மினுக்கு மினுக்குன்னு சீரியல் லைட்டு.

பெயிண்டர் தூரிகையக் கையில வெச்சுக்கிட்டு என்னையப் பாத்தான். "ஏனுங்ணா, நெசமாவே இதைத்தான் எழுதறதுங்களா?"

"ஏங் கண்ணு, தமிழு தெரியாதா?"

"தெரியுமுங். அதனாலதான் கேக்கறேன்."

எழுத்துப் பிழை வந்துருமோன்னு பயப்படறான்னு நெனச்சு, பொறுமையா ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே எழுதிட்டுப் போயிட்டான்.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். தமிழ்நாட்டுல சாராயம் விக்கற கிளப்புங்க எல்லாம் அந்தப் பேரத்தான் வாசல்ல மாட்டி வெச்சிருக்குது. கொழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியல. நான் குடிக்காதவன். அதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், அந்தப் பெருமைதான் என் கண்ண மறைச்சுப்போச்சு.

கோடை சீசன் வந்துச்சு. காருங்க வர ஆரம்பிச்சுது. போர்டு வேலை செய்யுதுடான்னு எனக்கு ஒரே குஷி. ஒரு நாள் நாலு பேரு, வெள்ளச் சட்டை, கருப்புக் கண்ணாடி.

"அண்ணே, கூலா இருக்குதுங்களா?"

"ஏற்காடுங்க, எப்பவும் கூலுதான்."

"இல்லண்ணே, கூலிங்."

"பானைத் தண்ணி இருக்குதுங்க, ஃப்ரிட்ஜ் தோத்துப்போவும்."

ஒருத்தரு கிட்ட வந்து கொரலத் தாழ்த்தினாரு. "குவார்ட்டரு இருக்குங்களாண்ணே?"

"இருக்குதுங்க, பின்னாடி. ஆனா அதுல வாட்ச்மேன் குடும்பத்தோட இருக்காப்லைங்க."

அவரு மத்தவங்களப் பாத்தாரு. "சரி, ஃபுல்லு?"

"இன்னைக்கு ஃபுல்லுதானுங்க. ரெண்டு கேரம் போர்டுலயும் ஆளு உக்காந்துட்டாங்க."

தண்ணிய வாங்கிக் குடிச்சாங்க. ஒரு கும்பிடு போட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. எவ்வளவு மரியாதையான மனுசங்கன்னு நான் அன்னைக்கு ஊட்டுல போயிச் சொன்னேன்.

இது இப்படி நடக்கறப்ப, சாயங்காலக் கூட்டத்துல ஒவ்வொருத்தரா பொம்பளைங்க கொறைஞ்சாங்க. கடைசியா பூங்கொடியும் வரல. சரசு போர்டு மாட்டறதுக்கு முன்னாடியே ஏதோ டிரெயினிங்குன்னு சேலம் எறங்கிப் போயிருந்தா. அடுத்த ஞாயித்துக்கெழமை சேலத்துல இருந்து ஒரு டீமு நம்ம கிரவுண்டுக்கு மேட்ச் ஆட வருது. மொத மேட்ச். வெளியாளுங்க முன்னாடி நம்ம பொம்பளைங்க மொதமொதல்ல எறங்கற நாளு. சரசு திரும்பி வந்து பாக்கறா, கிரவுண்டுல ஒரு காக்காகூட இல்ல.

"ஏண்ணா, எங்க யாரையும் காணோம்?"

"களைவெட்டு சாமி. அலுப்பா இருக்குமல்லோ. ரெண்டு நாள்ல வந்துருவாங்க."

சொல்லி வாய மூடல, ஒரு கார் வந்து நிக்குது. "பார் உள்ளயா, மாடியா?"ங்கறாங்க. "பாருங்க, பாருங்க, தாராளமா உள்ள வந்து பாருங்க"ன்னு நான் கேட்டத் தொறக்கறேன். சரசு போர்டப் பாத்தா. காரப் பாத்தா. என்னையப் பாத்தா. அவ மூஞ்சியில அந்த மூணும் ஒண்ணா ஒட்டினத நான் கண்ணாலப் பாத்தனுங்க. கார அனுப்பிட்டு, என்னைய உக்காரச் சொல்லிச் சேர் போட்டுத்தான் வெவரத்தச் சொன்னா. நல்லவேளை சேர் போட்டா.

உடனே ஏணிய எடுத்தேன், போர்டக் கழட்டறதுக்கு. அவ ஏணியப் புடிச்சுக்கிட்டா.

"வேண்டாமுங்ணா. இப்ப கழட்டினா, நெசமாவே பார் நடத்திட்டு, மாட்டிக்கிட்டதும் மூடிட்டாங்கன்னு பேசுவாங்க. லைட்ட மட்டும் புடுங்குங்க. மொதல்ல பூங்கொடி ஊட்டுக்குப் போலாம்."

எனக்கு அது தோணவே இல்ல. தப்பு கண்ணுக்குத் தெரிஞ்சவுடனே அத அழிக்கோணும்னுதான் நான் பாத்தேன், அதுவும் என் தப்பு. அவளுக்கு அந்தப் பொம்பளைங்க பேருதான் மொதல்ல ஞாபகம் வந்துச்சு.

லயனுக்குப் போனோம். வாசல்ல பூங்கொடி மாமியா மாராயி. நல்ல கட்டு மனுசி, எஸ்டேட்டுல இன்னும் வேலைக்குப் போறவங்க. எங்களப் பாத்ததும் எந்திரிக்கல.

"எம் புருசனக் குடிதானுங்க கொண்டு போச்சு. பேரச் சொன்னாலே எனக்கு வவுறு எரியுது. எம் மருமக சாயந்திரமானா பாருக்குப் போறான்னு பஸ் ஸ்டாண்டுல எம் பையனக் கேக்கறானுங்க. 'உன்ற பொண்டாட்டி அங்க ஊத்திக் குடுக்கறாளாமே'ன்னு கேக்கறானுங்க. அவன் ஊட்டுக்கு வந்து தட்டத் தூக்கி வீசறான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

இங்கதான் கண்ணு நான் வாயத் தொறந்தேன். "அம்மா, அந்தச் சொல்லோட அர்த்தம் என்னன்னா"ன்னு ஆரம்பிச்சேன். சரசு என் கால மிதிச்சா. சும்மா தொட்டு மிதிக்கல, ஏறி நின்னா. மாராயம்மா பேசி முடிக்கற வரைக்கும் எறங்கல. ஒரு வார்த்தை குறுக்க பேசல. பார் இல்லீங்கன்னுகூடச் சொல்லல. அவங்க புருசன் எப்ப போனாரு, எப்படிப் போனாருங்கறதெல்லாம் கேட்டா. அவங்க குடுத்த டீய குடிச்சா.

பின்னாடி பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்த பூங்கொடி அப்பத்தான் வந்து நின்னா. கையெல்லாம் சாம்பல்.

"சரசக்கா, பந்து வெளையாடறத நான் உட்டர்றேன். எனக்கு அதொண்ணும் இல்ல. ஆனா பாருக்குப் போனவன்னு பேர வாங்கிக்கிட்டு ஊட்டுல உக்காந்தா, சாகற வரைக்கும் அந்தப் பேருதானுங்க. அதுக்கு என்ன பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கேட்டுட்டு நேரா என்னையப் பாத்தா. நான் தரையப் பாத்தேன்.

சரசு டீ டம்ளரக் கீழ வெச்சா. அப்பறம் மாராயம்மாகிட்டச் சொன்னா: "அம்மா, ஞாயித்துக்கெழமை நீங்க வாங்க. கேட்டுகிட்ட சேர் போடறேன். யாரு உள்ள வர்ரதுன்னு நீங்க பாத்து உடுங்க. குடிச்சவன் ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. நீங்க சொன்னதுதான், நாங்க மறுபேச்சு பேச மாட்டோம்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலுமுங்க. இந்தண்ணனே குடிச்சுட்டு வந்தாலும் சரி."

மாராயம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. "இவரு குடிக்காமயே அப்படித்தானே இருக்காரு."

அதுக்கு பூங்கொடி சிரிச்சா. அந்தச் சிரிப்பக் கேட்டுத்தான் ஞாயித்துக்கெழமை மேட்ச் நடக்கும்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

ஞாயித்துக்கெழமை மத்தியானம். சேலம் டீமு வேன்ல வந்து எறங்குச்சு, எல்லாம் ஒரே மாதிரி பச்சை டீ-சர்ட்டு. நம்மாளுங்க சுடிதாருக்கு மேல அவங்கவங்க ஊட்டு ஆம்பளைங்க சட்டை. லயன்ல இருந்து, மேல ஊர்ல இருந்து எல்லாம் நல்ல கூட்டம். பாதிப்பேரு மேட்ச் பாக்க வந்தாங்க, பாதிப்பேரு பார் எப்படி இருக்குதுன்னு பாக்க வந்தாங்க. மாராயம்மா வெத்தலையப் போட்டுக்கிட்டு கேட்டுல உக்காந்தாங்க. மொத காரு வந்துச்சு.

"பாட்டிம்மா, பார் இதுதானே?"

"உங்கொப்பன் நம்பரச் சொல்லு சாமி. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உள்ள உடறேன்."

காரு ரிவர்ஸ்ல போன வேகத்த நீங்க பாத்திருக்கோணும். கூட்டத்துல கைதட்டு. அதுக்கப்பறம் கேட்டப் பாக்கறதா கிரவுண்டப் பாக்கறதான்னு ஜனங்களுக்குக் குழப்பம்.

நான் மைக்குல. கமெண்ட்ரி சொல்றேன்னு பேரு. மொத செட்டு அவங்களுக்கு. ரெண்டாவது செட்டு இழுத்துக்கிட்டே போயி சரிக்குச் சரி நிக்குது. மேகம் வேற கீழ இருந்து ஏறி வலைகிட்ட வந்துருச்சு. பூங்கொடி கையில பந்து, சர்வீஸ். அந்த நேரத்துல கேட்டுல ஒரு பைக்கு வந்து நின்னுது.

முருகேசன். பூங்கொடி புருசன். மாராயம்மாவோட ஒரே பையன்.

எறங்கி உள்ள வரப் பாத்தான். அவங்க சேர்ல இருந்து எந்திரிச்சு குறுக்க நின்னாங்க.

"வாய ஊது."

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஊதுடா."

"ஞாயித்துக்கெழமைம்மா, கொஞ்சந்தான்..."

"அப்ப வெளிய நில்லு."

"உள்ள எம் பொண்டாட்டி வெளையாடறா."

"அவ உள்ள வர்ரப்ப அவ வாயி நாறல. நீ நில்லு."

கிரவுண்டே கேட்டுப் பக்கம் திரும்பிருச்சுங்க. எனக்குக் கையி அரிக்குது, மைக்கு கிட்ட இருக்குது, அருமையான ஒரு ஜோக்கு நாக்கு நுனியில நிக்குது. என்ன ஜோக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. சரசு வந்து மைக்கு சுவிட்ச அமத்தினா. "அண்ணா, ஒரு நிமிசம் மூச்சு விடாம இருங்க."

நான் அவளே கேட்டுக்குப் போவான்னு நெனச்சேன். போகல. அந்தம்மாவுக்குக் குடுத்த அதிகாரத்துல அவ கைய வெக்கல. போயி சமாதானம் பேசியிருந்தான்னா, மாராயம்மா சும்மா சேர்ல உக்கார வெச்ச பொம்மைன்னு ஆயிருக்கும். நானு ஜோக்கடிச்சு ஊரு சிரிச்சிருந்தா, முருகேசன் பைக்கத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பான், அந்தச் சிரிப்புக்கெல்லாம் ராத்திரி பூங்கொடிதான் பதில் சொல்லியிருக்கோணும். இது ரெண்டும் எனக்கு ஊட்டுல போயிப் படுத்த பொறவுதான் புரிஞ்சுது. அவளுக்கு அங்க நிக்கறப்பவே புரிஞ்சுது. என்ன பண்ணினா தெரியுங்களா? விசிலு அடிச்சா. பெருசா, நீளமா. "சர்வீஸ்!"

அத்தனை தலையும் கேட்ட உட்டுட்டு பந்துப் பக்கம் திரும்புச்சு. முருகேசன் மேல ஒரு கண்ணு இல்ல. பூங்கொடி ஒரே ஒரு தரம் கேட்டப் பாத்தா. மாமியாளப் பாத்தாளா, புருசனப் பாத்தாளா, எனக்குத் தெரியல. அப்பறம் கையப் பின்னாடி கொண்டு போயி எறிஞ்சா பாருங்க. மேகத்துக்குள்ள போன பந்து எங்க வருதுன்னு, அது உழுந்த பொறவுதான் சேலம் டீமு பாத்துச்சு.

அந்த செட்டு நமக்கு. கடைசி செட்டுல தோத்துட்டோம், அத மறைக்க முடியாது. ஆனா அந்தக் கடைசி செட்டு பூரா வேலிக்கு வெளிய ஒரு ஆளு கம்பி வலையில ரெண்டு கையயும் கோத்துக்கிட்டு, "லைனு உள்ளதான் உழுந்துச்சு! கண்ணு தெரியலையா அம்பயரு!"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தான். யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்த வாரத்துல இருந்து பொம்பளைங்க திரும்பி வந்தாங்க. கரடியூர்ப் பக்கத்துல இருந்துகூட ரெண்டு பேரு விசாரிச்சுக்கிட்டு வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல கேலி பேசினவங்க மாராயம்மா கேட்டுல பண்ணினதப் பேச ஆரம்பிச்சுட்டாங்க, பழைய பேச்சு அதுக்கடியில போயிருச்சு. முருகேசன் அதுக்கப்பறம் மேட்ச் பாக்க வந்தப்ப, கேட்டுகிட்ட அவனே வாய ஊதிக் காமிச்சுட்டு உள்ள வந்தான். குடிய உட்டுட்டானான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. அங்க வர்ரப்ப குடிக்கல, அவ்வளவுதான் தெரியும். போர்ட நான்தான் கழட்டினேன். ஏணிய சரசு புடிச்சுக்கிட்டா, இந்தத் தடவ தடுக்கறதுக்கில்ல.

உங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணு சொல்வேன். சண்டைக்கு வர்ரவங்ககிட்டச் சொல்ல, நம்ம பக்கத்து நியாயம் எப்பவும் கைவசம் இருக்கும். எங்கிட்ட அது போர்டுச் சொல்லோட அர்த்தமா இருந்துச்சு. சரசு அத எடுக்கவே இல்ல. அவங்களுக்கு ஒரு சேர் போட்டா, போட்ட பொறவு அதுல கைய வெக்காம இருந்தா. சேர் போடறத நான்கூடப் பழகிக்கிட்டேன். கைய வெக்காம இருக்கறது எனக்கு இன்னும் வரல.

அன்னைக்கு மேட்ச் முடிஞ்சு, சேலம் வேனு கீழ எறங்கிப் போச்சு. எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு நின்னாங்க. மாராயம்மா தனியா இருக்கறதப் பாத்து, எனக்கு மனசு கேக்காம, டம்ளரோட கிட்டப் போனேன். லயன்ல சொல்ல உடாதத இப்பவாச்சும் சொல்லிறலாமுன்னு. "அம்மா, மனம்னா மனசு, மகிழ்னா சந்தோசம், மன்றம்னா கூடற எடம். நல்ல அர்த்தத்துலதானுங்க எழுதினேன்"னேன்.

முழுசாக் கேட்டாங்க. வெத்தலையத் துப்பிட்டு வந்து சொன்னாங்க:

"அர்த்தம் கெடக்கட்டுமுங்க. எம் மருமக வராம நின்னப்ப, ஏன்னு கேட்டு ஊட்டுக்கு வந்தது அந்தப் புள்ள. நீங்க அவ இழுத்துக்கிட்டு வந்ததால வந்தீங்க. அதுவரைக்கும் போர்டத் தொடச்சுக்கிட்டு இருந்தீங்களாமா."